உழைப்பு நின்ற உடம்பு: பேராக் தமிழரின் எடையும் சோறும் குடியும்

2019-இல் எடுக்கப்பட்ட மலேசியத் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோடு இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களைத் தனியே பிரித்துப் பார்த்தால் அது 63.9 விழுக்காடு. நீரிழிவிலும் நாம்தான் முன்னால் நிற்கிறோம். நாட்டின் சராசரி 18.3 ஆக இருந்தபோது இந்தியர்களிடம் அது 31.4. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023-இல் எடுத்த ஆய்வில் நாட்டின் எடைக் கணக்கு 54.4 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது. இத்தனைக்கும் இந்த ஆய்வுகள், உடல் நிறைக் குறியீடு 25-ஐத் தொட்டால்தான் ஒருவரைக் கணக்கில் சேர்க்கின்றன. ஆசியர்களின் உடம்புக்கு 23-லேயே ஆபத்து தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இலேயே சொல்லியிருக்கிறது. அந்த அளவுகோலை வைத்தால் நம்மில் தப்பிப்பவர்கள் இன்னும் குறைவு.

இந்த எண்களைச் சொன்னதும் ஈப்போவில் யாரும் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு: நம் ஆட்களுக்கு வாய்க்கட்டு கிடையாது. எனக்கு இதில் உடன்பாடில்லை. வாய்க்கட்டு தலைமுறைக்குத் தலைமுறை திடீரென்று குறைந்துபோகிற பொருள் அல்ல. நம் தாத்தா பாட்டிகளும் தட்டு நிறையச் சோறுதான் சாப்பிட்டார்கள், தாத்தாக்களில் பலர் தினமும் கள் குடித்தார்கள், அவர்கள் வயிறு தொங்கவில்லை. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் சோறு, குடி, உழைப்பு மூன்றும் ஒரே வாழ்க்கையின் பகுதிகளாக இருந்தன. தோட்டம் மூடியபோது உழைப்பு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. மற்ற இரண்டும் நம்மோடு டவுனுக்கு வந்தன, வந்த இடத்தில் பெருகவும் செய்தன. உடம்பைக் குறைக்க நினைக்கிற ஒருவர் எதில் கை வைக்க வேண்டும் என்பதை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். எல்பில், ஹேவுட், டோவன்பி, கமுனிங் என்று தோட்டப் பெயர்களைச் சொன்னாலே அங்கே வளர்ந்தவர்களுக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுச் சத்தம் கேட்கும். பால்வெட்டுத் தொழிலாளர்கள் விடியுமுன் எழுந்து, கடுங்காப்பி குடித்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார்கள். ஒரு ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் குனிந்தோ நிமிர்ந்தோ சீவி, பால் வடியும் மங்கைச் சரிசெய்து, அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். கடைசி மரம் முடிந்ததும் முதல் மரத்துக்குத் திரும்பி வந்து பால் எடுக்க வேண்டும். நிறைந்த வாளிகளைத் தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் தூக்கி ஸ்டோருக்கு நடக்க வேண்டும். மேடு பள்ளம், அட்டை, மழை. மத்தியானத்துக்கு மேல் விறகு, தண்ணீர், லயத்துக்குப் பின்னால் கறிகாய்ப் பாத்தி, ஆடு மாடு. பெண்களும் இதே மரங்களைச் சீவினார்கள், அதற்கு மேல் வீட்டு வேலையையும் செய்தார்கள். உடற்பயிற்சி என்று யாரும் இதைச் சொன்னதில்லை. நாளின் பெரும்பகுதி உடம்பு அசைந்துகொண்டே இருந்தது என்பதுதான் விஷயம்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தச்சோகையும் தோட்ட லயங்களில் எத்தனை பேரைத் தின்றன என்பது நம் குடும்பங்களுக்கே தெரியும். கருவாடும் பருப்பும் கீரையும் சோறுமாக ஓடிய சாப்பாட்டில் புரதம் போதவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கே உணவானது. ஒல்லியாக இருந்தார்கள் என்பதால் நலமாக இருந்தார்கள் என்றாகிவிடாது. அந்தப் பசிக்கும் இன்றைய வயிற்றுக்கும் தொடர்பிருக்கலாம் என்பது மருத்துவ உலகில் தீவிரமாகப் பேசப்படும் கருத்து. கருவில் சத்துக்குறைவோடு வளர்ந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் இதயநோயும் நீரிழிவும் வரும் வாய்ப்பு அதிகம் என்று இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் எடுத்துச் சொன்னார். புனேயில் சி. எஸ். யாஜ்னிக்கின் குழு இந்தியக் குழந்தைகளை அளந்து பார்த்தது. பிறக்கும்போது எடை குறைவாக இருந்தாலும், ஆங்கிலேயக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் தசைதான் குறைந்திருந்தது, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தையும் அதற்குப் பின் வந்த பஞ்சங்களையும் தாண்டிக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம் நாம். இருப்பதைச் சேர்த்து வைக்கத் தெரிந்த உடம்புக்குத் தட்டுப்பாடு நீங்கிய பிறகு என்ன நேரும் என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குடியின் கதை தனிக்கதை. தோட்டத்தில் கள்ளுக்கடை தானாக முளைக்கவில்லை. காலனி அரசு உரிமம் கொடுத்தது, தோட்ட நிர்வாகம் இடம் கொடுத்தது. அரசுக்கு அதில் வருமானம் இருந்தது. கள்ளுக்கடை லாபத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடும் ஏற்பாடும் இருந்தது, அதாவது அவர்கள் குடித்த காசிலேயே அவர்களுக்குப் பந்தும் திருவிழாவும். எதிர்ப்பும் நம்மிடமிருந்தே கிளம்பியது. தமிழ்நாட்டில் 1937-இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது இங்கும் அதன் அலை அடித்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. போர் முடிந்தபின் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்றது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் அது காவல்துறையோடு மோதலாகி உயிரிழப்பில் முடிந்தது. குடியை விடச் சொல்லிப் போராடி அடிபட்ட பாரம்பரியம் நமக்கு இருக்கிறது என்பதை இந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கள்ளில் சாராயச் சத்து ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு விழுக்காடு. பிற்பாடு சம்சு என்ற சாராயம் பரவியது. மலிவு, சின்னப் பாட்டில், பலமடங்கு வீரியம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் எஸ். எம். முகமது இத்ரிஸ் காலத்தில் இந்தச் சம்சுவுக்கு எதிராகப் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தது. 2017 டிசம்பரில்தான் குடிக்கும் வயது 18-இலிருந்து 21-க்கு உயர்ந்தது. இரண்டு மூன்று வெள்ளிக்கு வாங்கி ஒரே மூச்சில் குடிக்கும்படி விற்ற மலிவுச் சாராயத்தை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத பாட்டிலில்தான் விற்கலாம் என்ற விதியும் அதோடு வந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த கள்ளச்சரக்கைக் குடித்துப் பலர் இறந்தார்கள். ஏழைக்கு எட்டாத விலையில் சட்டபூர்வமான மது இருக்கும்வரை இந்த ஆபத்து போகாது. ஆனால் இந்தக் கட்டுரையின் கவலை வேறு. சம்சுவில் அழிந்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். வேலைக்குப் போய், வீட்டுக்கடன் கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, வார இறுதியில் மட்டும் நண்பர்களோடு உட்காருகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தங்களைக் குடிகாரர்கள் என்று அவர்கள் நினைப்பதில்லை, அது சரியும்கூட. எடை குறைக்க முயன்று தோற்பவர்களில் இவர்களை நான் அதிகம் பார்க்கிறேன்.

தோட்டங்கள் போன விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள், டவுனுக்குப் பக்கத்து நிலங்கள் குடியிருப்புத் தாமான்களாகின. நாடு முழுவதும் லட்சக்கணக்கான தமிழர்கள் லயத்தைவிட்டு வெளியேறினார்கள். பேராக்கில் அவர்கள் புந்தோங்குக்கும் மெங்லெம்புவுக்கும் மலிவுவிலை அடுக்குவீடுகளுக்கும் போனார்கள். லாரி, பாதுகாவலர் வேலை, மின்னணுத் தொழிற்சாலை, கடைக் கவுண்டர். 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற ஆய்வாளர் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பார்த்தார். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழித்த நடத்துநர்களைவிட மாரடைப்பு அதிகமாக வந்தது. நம் கதையில் நடத்துநர் வேலையை விட்டு எல்லாரும் ஒரே தலைமுறையில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டோம். பன்னிரண்டு மணிநேரம் நாற்காலியில் இருக்கும் பாதுகாவலரின் அம்மா ஐந்நூறு மரம் சீவியவராக இருப்பார். சாப்பாட்டு அளவு மட்டும் அம்மாவிடம் கற்றதாகவே இருக்கும்.

இனி, வார இறுதியில் நண்பர்களோடு உட்காருகிறவரின் சனிக்கிழமை மேசை. கோப்பிக் கடையின் வெளிப்பக்கம், நான்கு பேர், ஐஸ் வாளி. ஒரு பெரிய பாட்டில் பீர் 640 மில்லி, ஐந்து விழுக்காடு. அதில் சுத்தச் சாராயம் 25 கிராம், மாவுச்சத்தையும் சேர்த்தால் சுமார் 270 கலோரி. ஆளுக்கு இரண்டு பாட்டில் என்றால் 540. யாரும் வெறும் பீர் குடிப்பதில்லை. புந்தோங்கிலிருந்து வரும் கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம் பிரியும். முறுக்கும் வறுகடலையும் ஓமப்பொடியும் எண்ணெயில் குளித்து வந்தவை, நூறு கிராமுக்கு ஐந்நூறு கலோரி. பொரித்த கோழி இரண்டு துண்டு, இல்லாவிட்டால் ஆட்டுப் பெரட்டல், அது ஒரு நானூறு ஐந்நூறு. பதினொன்றரை மணிக்குப் பசி பிடுங்கும், மாமாக் கடையில் ஒரு மீ கோரேங், ஒரு தே தாரே. மொத்தம் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். உட்கார்ந்து வேலை செய்கிற ஆணுக்கு ஒரு நாள் முழுதும் போதுமான அளவு அது, அன்றைக்குச் சாப்பிட்ட பசியாறலுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் மேலே. இதே ஆள் திங்கள் முதல் வெள்ளி வரை சோற்றைப் பாதியாக்கி, சீனியில்லாத தே ஓ குடித்து, நாளுக்கு நானூறு கலோரி மிச்சம் பிடித்திருக்கலாம். ஐந்து நாள் பட்டினியின் பலன் ஒரு ராத்திரியில் கரைந்துவிடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. "நான் கொஞ்சமாத்தான் சாப்பிடுறேன், ஆனா குறைய மாட்டேங்குது" என்று சொல்லும்போது வாரத்தில் ஐந்து நாளைத்தான் சொல்கிறார். பீர் உணவுக் கணக்கில் வருவதில்லை, மேசையில் இருந்த தீனியும் அதோடு சேர்ந்து காணாமல் போகிறது.

கலோரி பாதிக் கதைதான். சாராயம் உள்ளே போனதும் ஈரல் மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டு அதைத்தான் முதலில் எரிக்கிறது. அதைச் சேமித்து வைக்க உடம்பில் இடம் கிடையாது. மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கழியும், ஆகவே இரண்டு பெரிய பாட்டிலுக்கு ஐந்து மணிநேரத்துக்கு மேல். அதுவரை கொழுப்பை எரிக்கும் வேலை மந்தமாகிறது, அதே நேரத்தில் தின்ற கோழியும் கடலையும் சேமிப்புக்குப் போகின்றன. இரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறுகிறது, ஈரலில் கொழுப்பு படிகிறது. ஏற்கெனவே வயிற்றுக்குள் கொழுப்பு வைக்கும் நம் உடம்பில் இது இரட்டைச் சுமை. கொழுப்பு ஈரலுக்குப் பருமன் காரணமா குடி காரணமா என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. தூக்கமும் கெடும். குடித்தவுடன் கண் சொருகும், நடுராத்திரிக்கு மேல் தூக்கம் துண்டு துண்டாகும், மறுநாள் நடைப்பயிற்சி நடக்காது, இனிப்புக்கும் எண்ணெய்க்கும் மனம் போகும். குடி உணவையும் பயிற்சியையும் சேர்த்துக் கெடுக்கிறது. இதனால்தான் குடிப்பவர் எடை குறைக்க வேண்டுமென்றால் சோற்றுக்கு முன்னால் பாட்டிலைக் குறைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஆனால் சமூகம் முழுவதன் பருமனையும் குடியின் தலையில் கட்டினால் அது தவறு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நடப்பில் குடிப்பவர்கள் நாட்டில் 11.8 விழுக்காடுதான், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஒரே அமர்வில் அளவுக்கு மீறிக் குடிப்பவர்கள். பெண்களில் குடிப்பவர்கள் மிகக் குறைவு, எடையோ பெண்களிடம்தான் கூடுதல். நம் வீட்டுப் பெண்களுக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. தொழிற்சாலை ஷிப்ட், ராத்திரி வேலையில் கிடைக்கும் ரொட்டியும் மைலோவும், எல்லாரும் தின்று மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் தின்பது, பிரசவத்துக்குப் பின் இறங்காத எடை, தனக்கென்று ஒரு மணிநேரம் எடுத்தால் குற்றவுணர்ச்சி. அதோடு கெட்டிப்பால். ஈப்போவின் பெயரைத் தாங்கி உலகம் சுற்றும் வெள்ளைக் காப்பியும் நம் தே தாரேயும் கெட்டிப்பால் இல்லாமல் இல்லை. ஒரு கிளாஸ் 150-இலிருந்து 200 கலோரி, நாளுக்கு மூன்று கிளாஸ் சாதாரணம். அரசு 2019 ஜூலையில் சீனிப் பானங்களுக்கு வரி போட்டது. லிட்டருக்கு 40 காசில் தொடங்கி 2025-இல் 90 காசாயிற்று. அது டின், பாட்டில், பொட்டல வகைகளோடு நிற்கிறது. கடைக்காரர் கலக்கிக் கொடுக்கும் தேத்தண்ணீருக்கு வரியில்லை. குடிக்காதவர், முக்கியமாகப் பெண்கள், இந்தக் கிளாஸிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுகாதார அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் தட்டு அளவு எனக்குப் பிடித்திருக்கிறது: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, அரைத்தட்டு காய்கறி, பழம். படிப்பில்லாதவருக்கும் புரியும். அதை நம் சமையலுக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல். நம் தட்டில் சோறு தரை, மற்றதெல்லாம் அதன்மேல் ஊற்றுவது. உருளைக்கிழங்குப் பெரட்டலைக் காய்கறி என்று எண்ணுகிறோம், அப்பளத்தை எண்ணுவதே இல்லை. வாழையிலைக் கடையில் இரண்டாம் முறை சோறு இலவசம். இத்தனைக்கும் அரைத்தட்டை நிரப்ப வேண்டியவை நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் விளைகின்றன. புந்தோங் தௌகே என்று ஊரே புகழும் முளைப்பயிறு, கங்கோங், சாயூர் மானிஸ், முருங்கைக்கீரை, பாகற்காய். லயத்துக்குப் பின்னால் பறித்துத் தின்ற இதே கீரைகள் தாமானுக்கு வந்ததும் ஏழைச் சாப்பாடாகத் தோன்றிவிட்டன. பிள்ளைக்கு நாள்தோறும் கோழி போடுவதைக் கௌரவமாக நினைத்த தலைமுறையை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பசியைப் பார்த்தவர்கள்.

உடற்பயிற்சியைப் பற்றி இரண்டு தப்பெண்ணங்கள் நிலவுகின்றன. நடந்தால் கரைந்துவிடும் என்பது ஒன்று. எண்பது கிலோ ஆள் ஒரு மணிநேரம் நடந்தால் கூடுதலாக இருநூறு கலோரி சொச்சம்தான் செலவாகும். கிளேடாங் மலையின் தார்ச்சாலையில் ஏறி இறங்குகிறவர்கள் இன்னும் கொஞ்சம் எரிப்பார்கள், அடிவாரத்தில் ஒரு ரொட்டி சானாயும் தே தாரேயும் அதை மீட்டுக் கொடுத்துவிடும். எடை குறையாவிட்டால் நடந்து பயனில்லை என்பது மற்றொன்று, இது இன்னும் ஆபத்தானது. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுக் காலம் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. எடை பெரிதாக இறங்கியதால் வந்த பலன் அல்ல அது. நம் இனத்துக்குத் தசை குறைவு என்பதை நினைத்தால் இது வியப்பில்லை. வாரத்துக்கு 150 நிமிட நடையோடு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுப்பது, அதாவது உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, பளு தூக்குவது, நமக்கு மற்றவர்களைவிடவும் அவசியம். காண்டாக் கம்பு செய்த வேலையை ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும்.

ஈப்போவில் இடத்துக்குப் பஞ்சமில்லை. போலோ திடல் இருக்கிறது, குனோங் லாங் இருக்கிறது, நகர நடுவில் டி. ஆர். சீனிவாசகம் பூங்கா இருக்கிறது. தமிழர் ஒருவர் பெயரில் அமைந்த அந்தப் பூங்காவில் மாலை வேளையில் நடப்பவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏன் குறைவு என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அடுக்குவீட்டிலிருந்து அங்கே வரக் கார் வேண்டும். வீட்டுப் பக்கத்தில் நடக்கலாமென்றால் நடைபாதை இல்லை, விளக்கு எரியவில்லை, நாய் விரட்டுகிறது. தோட்டத்திலாவது ஒரு பந்துத் திடல் இருந்தது. மலிவுவிலை வீடு கட்டியவர்கள் கார் நிறுத்த இடம் விட்டார்கள், கால் வைக்க இடம் விடவில்லை. இதை ஒரு மக்கள் கோரிக்கையாக எழுப்ப வேண்டியது நம் சங்கங்களின் வேலை என்று நினைக்கிறேன், பரிசளிப்பு விழாக்களைவிட இது அவசரம்.

குடியை நிறுத்தத் தெரியாத சமூகம் அல்ல நம்முடையது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் பல வாரம், சிலர் 48 நாள், விரதம் இருக்கிறார். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை ஒரு சொட்டுத் தொடுவதில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டவரை நண்பர்கள் ஊற்றிக் கொடுத்துத் தொந்தரவு செய்வதில்லை, எதிரே வந்தால் பாட்டிலை மறைக்கிறார்கள். மற்ற நாளில் வேண்டாம் என்று சொன்னால் "என்னடா, பெரிய ஆளாயிட்டியா" என்று கேட்கும் அதே மேசைதான் இது. லண்டனில் மிதமாகவும் அதற்கு மேலும் குடித்துவந்த தொண்ணூற்று நான்கு பேர் ஒரு மாதம் குடிக்காமல் இருந்தபோது, இன்சுலினுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு கால்பங்கு குறைந்தது, இரத்த அழுத்தம் இறங்கியது, எடையும் 1.5 விழுக்காடு இறங்கியது. 2018-இல் வந்த ஆய்வு அது. நம் விரதக்காரர்களுக்கும் உள்ளே இதுபோல நடந்துகொண்டுதான் இருக்க வேண்டும், யாரும் அளந்து சொல்வதில்லை. விரதச் சாப்பாட்டில் சோறும் அப்பளமும் பாயாசமும் ஏறிவிடுவதால் தராசில் தெரியாமலும் போகலாம். பிறகு விரதம் முடிந்த இரவில், விட்டதையெல்லாம் சேர்த்துக் குடிக்கிறார்கள். நாற்பத்தெட்டு நாள் ஓய்வெடுத்த ஈரலுக்கு அதைவிடக் கெட்ட வரவேற்பு கிடையாது. மாலையைக் கழற்றும்போது குருசாமியும் கோயில் நிர்வாகத்தாரும் இந்த ஒன்றை எடுத்துச் சொன்னால், எந்த மருத்துவர் சொல்வதைவிடவும் காதில் ஏறும்.

அப்படியானால் எவ்வளவு குடிக்கலாம்? பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 தொடக்கத்தில் அறிவித்தது. அறிவியல்படி அதுதான் சரி. கல்யாணத்துக்கு முதல் நாளும் கருமாதி முடிந்த இரவும் நண்பர்களோடு உட்காராமல் இருக்க முடியாது என்பவரிடம் அதை மட்டும் சொன்னால் அவர் பேச்சையே நிறுத்திவிடுவார். எடையைக் குறைத்து அப்படியே வைத்திருக்கும் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரே நாள் என்று வைத்திருக்கிறார்கள், பெரிய பாட்டிலை விட்டுச் சின்ன டின்னுக்கு மாறியிருக்கிறார்கள், வீட்டில் மீனும் காயும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள், நள்ளிரவு மீ கோரேங்கை அடியோடு நிறுத்தியிருக்கிறார்கள். ரவுண்டு வாங்கும் வழக்கத்திலிருந்து விலகித் தங்கள் கிளாஸுக்குத் தாங்களே காசு கொடுக்கிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, ஏனென்றால் நான்கு பேர் ரவுண்டு வாங்கினால் நான்கு ரவுண்டு குடித்தாக வேண்டும். விஸ்கிக்கு மாறினால் எடை ஏறாது என்ற பேச்சு அரைகுறை உண்மை. முப்பது மில்லி விஸ்கியில் 65 கலோரிதான், அந்த மேசையில் யாரும் முப்பதோடு நிறுத்துவதில்லை, கலப்பதும் பெரும்பாலும் சீனித்தண்ணீர்.

குடியைக் குறைக்க நினைப்பவருக்கு எதிர்பாராத துணை ஒன்று சட்டத்திலிருந்து வந்தது. 2020 அக்டோபரில் வாகனமோட்டிகளின் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் சாராய அளவு 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-க்குக் குறைக்கப்பட்டது. முதல் குற்றத்துக்கே பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் வெள்ளி அபராதம், சிறையும் உண்டு. அதற்குப் பிறகு "நான் இன்னைக்கு வண்டி ஓட்டுறேன்" என்பது மரியாதையான காரணமாகிவிட்டது. உடம்புக்காக வேண்டாம் என்றால் கேலி செய்கிறவர்கள் வண்டிக்காக என்றால் விட்டுவிடுகிறார்கள். இப்போது பேசப்படும் எடைக்குறைப்பு ஊசிகளையும் சொல்ல வேண்டும். செமாகுளுடைடு என்ற ஊசி மருந்தின் ஆய்வில் பதினாறு மாதத்தில் சராசரியாக 15 விழுக்காடு வரை எடை இறங்கியது, குடிக்கும் ஆசையும் குறைவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. மாதம் பல நூறு வெள்ளி கொடுக்க முடிந்தவர்களுக்கே இப்போதைக்கு அது, நிறுத்தினால் எடை திரும்புகிறது.

கடைசியாக, எடையைவிட அவசரமான ஒன்று. நம்மில் மூன்றில் ஒருவருக்கு நெருக்கமாக நீரிழிவு இருக்கிறது என்றால் அந்தச் சனிக்கிழமை மேசையில் நால்வரில் ஒருவராவது மாத்திரைக்காரராக இருக்கக்கூடும். "இன்னைக்குத் தண்ணி போடுறேன், மாத்திரை வேணாம்" என்று விடுகிறவர்கள் உண்டு, மாத்திரை போட்டதால் சாப்பாட்டைத் தவிர்த்து நேரே குடிக்கப் போகிறவர்களும் உண்டு. இரண்டாமவர் நிலைமை மோசம். இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் ஈரல்தான் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும், சாராயம் இருக்கும்போது அந்த வேலை தடைப்படுகிறது. கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டவருக்கு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழலாம், அதுவும் பல மணிநேரம் கழித்துத் தூக்கத்தில். வியர்வை, தள்ளாட்டம், உளறல், குழப்பம் என்று எல்லாமே போதையைப் போலவே இருப்பதால் பக்கத்தில் இருப்பவர்கள் தூங்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். எடை குறைக்கச் சோற்றை வெட்டியவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும். ஆகவே எடைக்காக உணவைக் குறைக்கத் தொடங்குமுன் கிளினிக்கில் குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லி மாத்திரை அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். கேட்கும் மருத்துவரின் மதத்தையோ முகத்தையோ பார்த்துத் தயங்க வேண்டாம், அவருக்குத் தேவை கணக்கு மட்டும். மேசையில் உள்ள மற்ற மூவருக்கும் அவர் மாத்திரைக்காரர் என்பது தெரிந்திருக்க வேண்டும். விழித்திருந்தால் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, குறைந்திருந்தால் சீனி கலந்த பானம் கொடுக்கலாம். கருவி கையில் இல்லாவிட்டால் பார்க்காமலே கொடுத்துவிடலாம். எழுப்பியும் எழாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழைக்க வேண்டும்.